மோட்டார் வண்டியின் தயக்கம்

தமிழ் நூல் பயிலும் மாணவர்க்கு மோட்டார் வண்டியின் வயிற்றைத் திறந்து பார்க்கும் வேலை எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். யாமும் சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர் அவ்வாறே நகைத்திருப்போம். ஆனால் அவ்விடுமுறையில் ஒரு நாள், நெல்லையிலிருந்து நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில், நடுத்திட்டின் இடைவெளியிற் காத்திருந்து மறுபுறம் திரும்புதற்காக எம் அத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தபொழுது, வண்டி முன்னே பாயாமல் ஒரு கணம் மூச்சடைத்தாற்போல் நின்றுவிட்டது. தொலைவில் வந்துகொண்டிருந்த லாரி அவ்வொரு கணத்தில் மிக அணித்தாயிற்று. அதனை ஓட்டியவர் விழிப்புடையவராயிருந்தமையால் யாம் இன்று இக்கட்டுரையை எழுதுகின்றோம். பின்னிருக்கையில் இருந்த அத்தை அன்றிரவு உணவு கொள்ளவில்லை; இனி அவ்வண்டியில் ஏறுவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அவ்வண்டி 2014-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர் உடைய சிறிய பெட்ரோல் வண்டி. அதனை இரண்டாங் கையாக வாங்கிய அத்தான், இளைஞர் பலர்க்குள்ள வேட்கையால், அதன் இயல்பான உறுப்புக்கள் சிலவற்றைக் கழற்றி வேறு பூட்டினார். இயந்திரத்திலிருந்து புகையை வாங்கிச் செல்லும் வார்ப்பிரும்பு மானிபோல்டை நீக்கி, நீண்ட எஃகுக் குழாய்கள் நான்கு ஒன்றாய்க் கூடும் ஹெட்டர் என்பதனைப் பொருத்தினார், காற்றை வடிகட்டும் பெட்டியை நீக்கிக் கூம்பு வடிவான பில்டர் ஒன்றனை வெளியே தெரியும்படி வைத்தார், சைலன்சரையும் மாற்றினார். பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றுதல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவினால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தானுடைய மாற்றங்கள் அப்பிரிவினுள் அடங்குமோ அடங்காவோ என்னும் வழக்கினை இங்கே எடுத்துக்கொள்ளோம். அவ்வழக்கு அவர் வீட்டில் நாள்தோறும் நடைபெறுகின்றது.

மாற்றிய சில கிழமைகளில் வண்டி தயங்கத் தொடங்கிற்று. பெட்ரோல் நாற்றம் எழுந்தது. ஒரு லிட்டருக்கு ஓடும் தொலைவு குறைந்தது. முகப்பில் இயந்திர வடிவான மஞ்சள் விளக்கு ஒளிர்ந்தது. ஒரு பட்டறையிற் காட்டியபோது, ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்து, ‘ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது’ என்று கூறிப் புதியது மாற்றினர். மூன்று நான்கு நாள் வண்டி குதிரைபோல் ஓடிற்று. பின்னர்ப் பழைய நோய் திரும்பிற்று. புதிய சென்சாரும் பழுதெனக் கூறி இன்னொன்று மாற்றினர். அதன் பின்னும் மூன்று நான்கு நாள் நலம். பின்னர் மீண்டும் தயக்கம். லாரி நிகழ்ச்சி இதன் பின்னரே நேர்ந்தது.

பிராணவாயு உணர்வி என்று யாம் இக்கட்டுரையிற் கூறப்போவது அந்தச் சென்சாரையே. அதன்மேற் சுமத்திய பழி உண்மையா என்று ஆராய்தற்கு முன், அது செய்யும் தொழிலை அறிதல் வேண்டும்.

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமின்றி எரிதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை ‘லீன்’, அஃதாவது வறியது. பெட்ரோல் மிகுந்தால் ‘ரிச்’, அஃதாவது செழியது என்ப. புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டி நச்சு வாயுக்கள் மூன்றனையும் ஒருங்கே மாற்ற வேண்டுமாயின் கலவை இவ்வளவினை ஒட்டியே நிற்றல் வேண்டும். சற்றே விலகினும் அதன் திறம் குன்றும். பழங்கால வண்டிகளிற் கார்புரேட்டர் என்னும் கருவி துளைகளின் அளவினாலே இக்கலவையைக் குத்துமதிப்பாகச் செய்து தந்தது. இக்காலத்து வண்டிகளில் ஒரு சிறு கணிப்பொறி, உள்ளே செல்லும் காற்றினை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே தெளிக்கின்றது. தெளித்தது சரியா என்று தெரிந்துகொள்ளுதற்குப் புகைக்குழாயிலே ஓர் உணர்வியை வைத்திருக்கின்றனர். 1976-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ வண்டிகளிலே, ஜெர்மானிய பாஷ் நிறுவனத்தார் செய்த இவ்வுணர்வி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

அதன் உள்ளீடு ஸிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள். விரல் நுனி போன்று குழிந்த அப்பொருளின் உட்புறத்தில் வெளிக்காற்றும், வெளிப்புறத்திற் புகையும் படும். ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடுக்கு மேல் வெப்பமேறியபின், இருபுறத்துப் பிராணவாயுவின் அளவிலுள்ள வேறுபாட்டிற்கு ஏற்ப அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1920-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட் என்னும் இரசாயனப் பேரறிஞர் 1889-இல் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. புகையிற் பிராணவாயு மிகுந்திருப்பின் அழுத்தம் 0.1 வோல்ட் அளவில் தாழும், இல்லாதொழியின் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். நடுவில் 0.45 வோல்ட் எல்லைக்கோடு. நலமுள்ள வண்டியில் இவ்வழுத்தம் ஊசலாடும் ஊஞ்சல்போலப் பத்து நொடிக்குள் பலமுறை எல்லையின் இருபுறமும் சென்று மீளும். கணிப்பொறி பெட்ரோலைச் சற்றே கூட்டியும் குறைத்தும் அவ்வாடலைத் தானே நிகழ்விக்கின்றது.

இங்கே வாசகர் ஒன்றனை உற்று நோக்குதல் வேண்டும். இவ்வுணர்வி பெட்ரோலை அறியாது. பிராணவாயுவை மட்டுமே அறியும். ஒரு பிளக் பற்றாமல் ஒரு சிலிண்டர் எரியாதொழிந்தால், எரியாத பெட்ரோல் வெளியே ஒழுகிக்கொண்டிருக்கும்போதும், எரியாத காற்றிலுள்ள பிராணவாயுவைக் கண்டு ‘கலவை வறியது’ என்றே உணர்வி உரைக்கும். அது பொய்யுரைக்கவில்லை. தன் முன் வந்ததை உள்ளவாறே உரைக்கும் சாட்சி அது. தன் முன் வந்தது எங்கிருந்து வந்தது என்று அதனைக் கேட்டுப் பயனில்லை.

இச்சாட்சியின் சொற்கேட்டு, கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவினை டிரிம் என்ப. அது விழுக்காட்டாற் கணக்கிடப்படும். அந்தந்தக் கணத்திற் செய்வது குறுங்கால டிரிம். பல நாள் கண்ட வழக்கத்தினை நினைவிற் பதித்து வைத்துக்கொள்வது நெடுங்கால டிரிம். பொதுவாக இவை கூட்டியும் குறைத்தும் 5 முதல் 10 விழுக்காட்டுக்குள் நிற்கும். கூட்டல் அளவு 20, 25 விழுக்காடு என்று நீளுமாயின், கணிப்பொறி பி 0171 என்னும் குறியீட்டினைப் பதிவு செய்து மஞ்சள் விளக்கினை ஏற்றும். இக்குறியீட்டின் பொருள் ‘கலவை மிக வறியதாய்த் தோன்றுகின்றது’ என்பதே. அதில் ‘உணர்வியை மாற்றுக’ என்று எழுதவில்லை. உணர்வி தாமதமாய் அசைகின்றது என்பதற்குப் பி 0133 என்றும், அதனைச் சூடேற்றும் உள்கம்பி அறுந்தது என்பதற்குப் பி 0135 என்றும் வேறு குறியீடுகள் உள்ளன. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பயின்றார்க்கு நோயும் அதன் காரணமும் வெவ்வேறு என்பது புதிய செய்தியன்று. பட்டறையார்க்கு அவ்வதிகாரம் பாடமில்லை போலும்.

எம் ஊரில் பட்டறைத் தொழிலினின்றும் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் உளர். ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். அத்தான் வெட்கத்தை விட்டு வண்டியை அவர் வீட்டு வேம்பின் நிழலிற் கொண்டு நிறுத்தினார். யாமும் உடன் சென்றோம்.

அவர் முதலில் ஸ்கேனரைத் தொடவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாய் வைத்தார். நான்கும் விளக்குக்கரி பூசியவைபோற் கறுத்திருந்தன. கலவை உண்மையில் வறியதாயின் பிளக் வெளுத்திருக்க வேண்டும். கறுத்தமையால் இயந்திரம் பெட்ரோல் மிகுதியால் வருந்துகின்றது என்பது தெளிவு. கணிப்பொறியோ ‘வறியது வறியது’ என்று முறையிடுகின்றது. இம்முரண்பாட்டினை அவர் சுட்டியபொழுதுதான், இது படிக்கத்தக்க கதை என்பது எமக்குத் தோன்றிற்று.

பின்னர் ஸ்கேனரை மாட்டி, இயந்திரம் வெறுமனே ஓடும்போதுள்ள டிரிம்களை எம்மை எழுதிக்கொள்ளச் சொன்னார். நெடுங்கால டிரிம் கூட்டல் 21. குறுங்கால டிரிம் கூட்டல் 6. வேகத்தை நிமிடத்திற்கு 2500 சுற்றாக உயர்த்திச் சற்று நேரம் நிறுத்தியபோது இரண்டும் சேர்ந்து 11 அளவில் தாழ்ந்தது. இவ்வேறுபாடே நோயின் இருப்பிடத்தைக் காட்டும் கைவிளக்கு. பெட்ரோல் பம்பு தளர்ந்திருப்பினும் அதன் பில்டர் அடைத்திருப்பினும், இயந்திரம் மிகுதியாகப் பெட்ரோல் வேண்டும்போதுதான் குறை பெரிதாய்த் தோன்றும். வெறுமனே ஓடும்போது தோன்றாது. ஆதலின் பம்பின்மேல் ஐயம் நீங்கிற்று. எனினும் அவர் அழுத்தமானியை வைத்து அதனையும் பார்த்துக்கொண்டார்.

அடுத்து ஐயத்திற்குரியது உட்செல்லும் காற்றுவழி. ரப்பர்க் குழாய் ஏதேனும் வெடித்து அளவையிற் படாத காற்று உட்புகுமாயின் கலவை வறியதாகும் என்பது பலரும் சொல்வது. ஆனால் அது எல்லா வண்டிக்கும் ஒவ்வாது. காற்றினை அளக்கும் முறை இரண்டு. சூடேறிய கம்பியின் மேற் காற்றினைச் செலுத்தி அதன் எடையையே அளப்பது ஒன்று. அம்முறையுடைய வண்டியில் அக்கம்பிக்குப் பின் புகும் காற்று கணக்கில் வராது. மேலும் எண்ணெய் பூசிய கூம்புப் பில்டரின் எண்ணெய் அக்கம்பியிற் படிந்து அளவைக் கெடுத்தலும் உண்டு. மற்றொரு முறை, உட்குழாயின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொண்டு காற்றினைக் கணக்கிடுவது. அத்தானுடைய வண்டி இவ்வகையினது. இதில் எங்கேனும் காற்று ஒழுகிப் புகுந்தால் அழுத்தம் உயரும். அதனைக் கண்டு கணிப்பொறி பெட்ரோலையும் உடன் கூட்டும். ஆதலின் டிரிம் பெரிதும் மாறுவதைவிட, வெறும் ஓட்டத்தின் சுற்றுவேகம் உயர்தலே அடையாளமாகும். இவ்வண்டியின் சுற்றுவேகம் உயரவில்லை. யாம் முதலிற் குற்றஞ்சாட்டிய கூம்புப் பில்டர் இவ்வாறு விடுதலை பெற்றது. அது இயந்திரத்தின் சூட்டுக் காற்றையே உறிஞ்சுகின்றது என்னும் சிறு குற்றம் மட்டும் அதன்மேல் எஞ்சிற்று.

இனி, பழி சுமந்த உணர்வி. அதன் கம்பியில் மின்னளவியை மாட்டி, காற்று புகும் வாயில் சிறிதளவு கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சினார். முள் உடனே 0.9-ஐ நோக்கித் தாவிற்று. ஒரு சிறு குழாயைக் கழற்றிய கணத்தில் 0.1-க்கு வீழ்ந்தது. செழிப்பையும் வறுமையையும் தாமதமின்றி வேறுபடுத்தி உரைக்கின்ற உணர்வி செத்ததன்று. ‘இரண்டு சென்சார் வாங்கின காசுக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருக்கலாம்’ என்று அண்ணாச்சி சொன்னார். அத்தான் விடை கூறவில்லை.

எஞ்சியது ஒன்றே. உணர்வியின் முன்னே புகைக்குழாயில் எங்கோ வெளிக்காற்று புகுகின்றது. உள்ளிருந்து அழுத்தத்துடன் வெளிப்படும் புகைக்கு எதிராக வெளிக்காற்று எவ்வாறு உட்புகும் என்று யாம் வினவினோம். புகை ஆற்றொழுக்காக வருவதன்று. ஒவ்வொரு சிலிண்டரும் வெளித்தள்ளுந்தோறும் துடிப்புத் துடிப்பாக வருவது. ஒரு துடிப்பு விரைந்து சென்றபின், அதன் பின்னே குழாயின் அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் கணநேரம் தாழும். அவ்விடைவெளியில் விரிசல் வழியே காற்று உள்ளிழுக்கப்படும். வெறும் ஓட்டத்திற் புகை குறைவாதலின் புகுந்த காற்றின் பங்கு பெரிது; வேகத்திற் புகை மிகுதியாதலின் அப்பங்கு சிறிது. 27 விழுக்காடு 11 ஆகத் தாழ்ந்தமைக்குக் காரணம் இதுவே.

வண்டி முற்றும் ஆறியபின், வெற்றிடத் துப்புரவுக் கருவி ஒன்றன் காற்று வெளிவரும் முனையைச் சைலன்சரின் வாயிற் செருகித் துணியால் அடைத்து, குழாயினுட் காற்றை ஊதினார். சோப்பு நீரைத் தூரிகையால் மூட்டுக்கள்தோறும் தடவச் சொன்னார். இயந்திரத்தை ஒட்டிய மூட்டில் ஒன்றுமில்லை. நான்கு குழாயும் கூடும் இடத்தின் கீழேயுள்ள விளிம்பு மூட்டில், உணர்விக்கு ஒரு சாண் முன்னே, சோற்றுப் பானை பொங்குவதுபோல நுரை பொங்கிற்று. விளிம்பின் தகடு வெல்டிங் சூட்டிற் கோணியிருந்தது. இடையில் வைத்த காஸ்கெட் ஒரு பக்கம் கரிந்து போயிருந்தது.

இப்பொழுது கதை முழுதும் விளங்கும். மூட்டின் வழியே வெளிக்காற்று புகுந்தது. உணர்வி பிராணவாயுவைக் கண்டு உள்ளவாறே உரைத்தது. கணிப்பொறி அதனை நம்பி, வேண்டாத பெட்ரோலை நாள்தோறும் கூட்டித் தந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்குங் கணத்தில் இயல்பாகவே கணிப்பொறி சிறிது மிகைப் பெட்ரோல் தெளிக்கும். உட்குழாயின் சுவரிற் பெட்ரோலின் ஒரு பங்கு படலமாய்ப் படிந்துவிடுமாதலின் அம்மிகை வேண்டுவதே. இங்கோ, முன்னரே மிகையாயிருந்ததன்மேல் அம்மிகையும் சேர்ந்தது. எண்ணெயில் மூழ்கிய திரி பற்றாதவாறுபோல இயந்திரமும் அக்கணம் பற்றாது திணறிற்று. இன்னும் ஆழ மிதித்தால், கணிப்பொறி உணர்வியின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் அட்டவணைப்படியே நடக்கும். ஆதலின் திணறல் தீர்ந்து வண்டி பாயும். அத்தான் இதனை ‘பிக்கப் வந்துவிட்டது’ என்று மகிழ்ந்திருந்தார்.

உணர்வி மாற்றியபோதெல்லாம் மூன்று நான்கு நாள் நலமாயிருந்தது ஏன்? பட்டறையார் ஒவ்வொரு முறையும் குறியீட்டினை அழித்தனர். பாட்டரிக் கம்பியையும் கழற்றினர். அதனால் நெடுங்கால டிரிம் என்னும் நினைவு மறைந்து சுழியத்திலிருந்து தொடங்கிற்று. அது மீண்டும் தவறான பாடத்தைக் கற்று முடிக்கச் சில நாள் ஆயிற்று. நலம் தந்தது அழித்த நினைவு. விலை பெற்றது புதிய உணர்வி.

உணர்வியின் கம்பியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஹெட்டரில் உணர்வியின் இடம் கீழே சென்றமையாற் கம்பி எட்டாமல், துண்டுக்கம்பி முறுக்கி நாடா சுற்றியிருந்தனர். ஈயப்பற்று வைத்திருப்பின் நன்றாயிருக்குமே என்று யாம் கூற, அண்ணாச்சி தலையசைத்து மறுத்தார். ஒப்பிடுதற்கு வேண்டிய வெளிக்காற்றினை உணர்விகள் பல தம் கம்பியிழைகளின் இடைவெளி வழியாகவே உட்கொள்கின்றன; ஈயம் உருக்கி அடைத்தால் அம்மூச்சு நின்றுபோகும். அழுத்திப் பிடிக்கும் இணைப்பே தக்கது. மூட்டுக்களில் சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசுவதும் தீது. அதன் ஆவி உணர்வியின் மேல் வெண்பூச்சாய்ப் படிந்து அதனை உண்மையிலேயே கொன்றுவிடும். உணர்வியைக் கிடையாகவோ தலைகீழாகவோ வைத்தால், குளிர்ந்த குழாயிற் சேரும் நீர்த்துளி சூடேறிய பீங்கானிற் பட்டு அது வெடிக்கும். கிடைமட்டத்திற்கு மேல் 10 பாகையாவது சாய்ந்திருத்தல் வேண்டும். அத்தானுடைய ஹெட்டரைச் செய்தவர் நற்பேறாக இதனை அறிந்திருந்தார்.

விளிம்புத் தகட்டினை லேத் பட்டறையிற் சமன் செய்து, புதிய காஸ்கெட் இட்டு, கம்பியைத் தக்கவாறு இணைத்து, பிளக்குகளைத் துடைத்துப் பூட்டினர். ஆன செலவு ஓர் உணர்வியின் விலையிற் சிறு பங்கே. இம்முறை நினைவினை அழிக்க வேண்டா என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார். தானே இறங்குவதைக் காண வேண்டும் என்றார். யாம் நாள்தோறும் மாலையில் எழுதி வைத்தோம். நெடுங்கால டிரிம் 21-லிருந்து 15, 10 என்று இறங்கி, ஒரு கிழமைக்குள் 5-இல் வந்து நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை.

அந்த ஐந்து ஏன் எஞ்சிற்று என்று கேட்டோம். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் எரிதற்கு 9 பங்கு காற்றே போதுமாதலின், அக்கலவைக்கு வேண்டிய அளவு 14.7 அன்று, ஏறத்தாழ 13.5. அத்தகைய கலவைக்கென வகுக்கப்படாத 2014-ஆம் ஆண்டு வண்டி சில விழுக்காடு கூட்டிக்கொள்வது இயல்பே என்று விடை கிடைத்தது.

காலைக் குளிரில் முதல் ஓரிரு நிமிடம் வண்டி இன்னும் சற்றுச் சோர்ந்தே புறப்படுகின்றது. ஹெட்டர் நீண்டு உணர்வி தொலைவிற் சென்றமையால் அது சூடேறக் காலந் தாழ்க்கின்றது என்பர். பழைய மானிபோல்டையே திரும்பப் பூட்டினால் அதுவும் தீருமாம். அத்தான் அதற்கு இன்னும் இசையவில்லை. அத்தை மட்டும் சென்ற மாதம் அதே நான்குவழிச் சாலையில், அதே இடைவெளியில், பின்னிருக்கையில் அமர்ந்து திரும்பினார். திரும்பி முடியும் வரை கண்ணைத் திறக்கவில்லை.